நலம் விசாரித்த குறுஞ்செய்தி

காசநோய்க்கான மருந்தை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதத்திலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும், உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும். பலர் மருந்தைக் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான். பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. மறுபடி நோய் வரும்போது அதே மாத்திரை வேலை செய்யாது. இதனால்தான் செவிலியரின் கண்முன்னே மாத்திரையை விழுங்க வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1990களில் பரப்பியது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் அது பெரும் சுமையாக இருந்தது. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் நாள் தவறாமல் கிளினிக் வாசலில் வரிசையில் நின்றால் வேலை போய்விடும்.

2002இல் அந்த ஊரைச் சேர்ந்த டேவிட் கிரீன் என்ற மருத்துவர் வேறொரு வழியை முயன்றார். நோயாளிகளில் பலரிடம் கைப்பேசி இருந்தது. அவர்களின் பெயர்களையும் எண்களையும் ஒரு கணினியில் ஏற்றி, மருந்து சாப்பிடும் நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகும்படி செய்தார். ‘ரிஃபாஃபோர் மாத்திரையை இப்போது சாப்பிடுங்கள்’ என்பதுதான் செய்தி. நாள்தோறும் ஒரே வாக்கியம் வந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். அலுப்பதாக நோயாளிகளே சொன்னார்கள். கிரீன் உடனே செய்திகளை மாற்றினார். நகைச்சுவைத் துணுக்குகளும் உடல்நலக் குறிப்புகளும் சேர்ந்தன. முதல் சுற்றில் இருந்த 138 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் சிகிச்சை தோற்றது. நோயாளி ஒருவருக்கு மாதம் 11.80 ராண்ட் என்று மாநகராட்சி அவருக்குக் கட்டணம் கொடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய முயற்சி அது. அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் ஏழைகளின் பையில் இருக்கும் பொருளை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவத் தொடங்கியது.

ஆப்பிரிக்காவின் பெரும்பாலான கிராமங்கள் தொலைபேசிக் கம்பியைப் பார்த்ததே இல்லை. கம்பி வருவதற்கு முன்பே டவர் வந்துவிட்டது. முன்பணம் கட்டிப் பேசும் ரீசார்ஜ் அட்டை வந்ததும் வங்கிக் கணக்கோ நிரந்தர முகவரியோ இல்லாதவர்களும் செல்போன் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று, சில இடங்களில் ஒரு தெருவுக்கு ஒன்று. கையில் போன் இருக்கும், பேலன்ஸ் இருக்காது. அழைப்பு ஒலித்ததும் துண்டித்துவிட்டு எதிர்முனைக்காரர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் கென்யாவிலும் கானாவிலும் ருவாண்டாவிலும் ஊர்வழக்கமானது. மிஸ்டு கால் கொடுத்துப் பழகிய தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

தென்னாப்பிரிக்க நிறுவனங்கள் இந்த வழக்கத்தை ஒரு சேவையாகவே மாற்றின. பேலன்ஸ் இல்லாதவர் ‘தயவுசெய்து என்னைக் கூப்பிடு’ என்று ஒரு செய்தியை இலவசமாக அனுப்பலாம். செய்தியில் மிச்சமிருந்த 120 எழுத்துகளுக்கான இடத்தை விளம்பரத்துக்கு விற்றார்கள். 2008இல் மாசிலுலேகே என்ற திட்டம் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியது. எச்ஐவி பரவல் மிகக் கடுமையாக இருந்த க்வாஸூலு-நட்டால் பகுதியில் பணியாற்றியவர்கள் அதைத் தொடங்கியிருந்தார்கள். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் இலவச உதவி எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஸூலு உள்ளிட்ட மொழிகளில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் செய்திகள் போயின. தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் மும்மடங்காயின. நோயைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்க முடியாதபடி பழிச்சொல் இருந்த காலம் அது. நண்பன் அனுப்பிய செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வரி, யாருக்கும் தெரியாமல் ஒருவரைப் போன் எடுக்க வைத்தது.

மலாவியின் கதை வேறு வகை. தலைநகர் லிலாங்வேக்கு மேற்கே, ஸாம்பியா எல்லைக்குப் போகும் வழியில் நமிட்டெட்டே என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள செயின்ட் கேப்ரியல் மருத்துவமனையை நம்பி இரண்டரை லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். மருத்துவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கிராமங்களில் மருத்துவமனையின் கையும் காலுமாக இருந்தவர்கள் சம்பளமில்லாத சுகாதாரத் தன்னார்வலர்கள். யார் காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார், யாருக்கு வலி கூடியிருக்கிறது, யார் இறந்துபோனார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பல மணி நேரம் நடந்து வந்து ஒப்படைப்பார்கள். அதற்குள் நிலைமை மாறியிருக்கும். எதிர்த்திசையில் மருத்துவமனைப் பணியாளர்கள் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைத் தேடுவார்கள். போன பிறகுதான் அவர் வயலுக்குப் போயிருப்பதோ வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருப்பதோ தெரியவரும். பெட்ரோல் செலவு மட்டும் மிஞ்சும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர் ஜாஷ் நெஸ்பிட் 2008 கோடையில் நூறு பழைய கைப்பேசிகளையும் ஒரு மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். கணினியில் இருந்தது ஃப்ரன்ட்லைன்எஸ்எம்எஸ் என்ற இலவச மென்பொருள். அதை எழுதிய கென் பேங்க்ஸ் பிரிட்டிஷ்காரர். க்ரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் மக்களோடு பூங்கா அதிகாரிகள் தொடர்புகொள்ள வழியில்லாததைப் பார்த்தபோது அவருக்கு உதித்த யோசனை, 2005இல் மென்பொருளாக வெளிவந்தது. ஒரு சாதாரணக் கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்தால் போதும். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ் அனுப்பலாம், வரும் பதில்களைச் சேர்த்து வைக்கலாம். இணையம் தேவையில்லை. 2007 நைஜீரியத் தேர்தலைக் கண்காணித்தவர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

நமிட்டெட்டேயில் 75 தன்னார்வலர்களுக்குக் கைப்பேசி கொடுத்து, குறுஞ்செய்தி எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் அதுவரை செய்தி தட்டச்சு செய்ததே இல்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் சார்ஜ் போடுவதே ஒரு வேலை என்பதால் சிறிய சூரியத் தகடுகளும் பின்னால் சேர்ந்தன. நோயாளி மாத்திரையைத் தவறவிட்ட செய்தி அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்தது. கட்டுத்துணியும் வலி மாத்திரையும் தீர்ந்ததை நடக்காமலே சொல்ல முடிந்தது. இந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்று கேட்டால் பதில் வந்தது. தேவைப்பட்டால் ஆளே வந்தார்.

ஆறு மாத முடிவில் கணக்குப் பார்த்தார்கள். பணியாளர்களின் உழைப்பில் சுமார் 2,048 மணி நேரம் மிச்சமாகியிருந்தது. எரிபொருளில் 3,000 டாலர் மிச்சம். குறுஞ்செய்தித் திட்டத்தின் செலவு 250 டாலர். காசநோய்த் திட்டத்தில் ஒரே சமயம் கவனிக்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கை நூறிலிருந்து இருநூறானது. கடைசியாகச் சொன்ன இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிய மருத்துவர் எவரும் வரவில்லை, புதிய கட்டடம் எழவில்லை. சாலையில் வீணாகிக்கொண்டிருந்த நேரம் இன்னொரு நூறு பேருக்குச் சிகிச்சையாக மாறியது. நெஸ்பிட்டும் அவருடைய கூட்டாளிகளும் பிறகு இந்த வேலைக்காக மெடிக் மொபைல் என்ற அமைப்பை நடத்தினார்கள்.

மலாவியில் செய்தி கிராமத்திலிருந்து மேலே போனது. கென்யாவில் அது கேள்வியாகக் கீழே இறங்கியது. நைரோபியில் பணியாற்றிய கனடா மருத்துவர் ரிச்சர்ட் லெஸ்டரும் கென்ய மருத்துவர்களும் 2007இல் வெல்டெல் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். நைரோபியின் பும்வானியிலும் மாசாய் மக்கள் வாழும் கஜியாடோவிலும் உள்ளவை உட்பட மூன்று கிளினிக்குகளில், எச்ஐவிக்குக் கூட்டு மருந்து சிகிச்சையைப் புதிதாகத் தொடங்கிய 538 பேர் அதில் சேர்ந்தனர். சொந்தக் கைப்பேசி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறவினரோடு பகிர்ந்துகொள்வதும் போதும் என்றார்கள். பாதிப் பேருக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிளினிக்கிலிருந்து ஒரு சொல் போகும்: ‘மாம்போ?’ கிஸ்வாஹிலியில் நண்பர்கள் சந்திக்கும்போது கேட்கும் ‘எப்படி இருக்கே?’ அது. 48 மணி நேரத்துக்குள் நோயாளி ‘சாவா’ என்றோ ‘ஷிடா’ என்றோ பதில் அனுப்ப வேண்டும். நலம், இல்லாவிட்டால் பிரச்சினை. ‘ஷிடா’ என்று வந்தாலும் பதிலே வராவிட்டாலும் கிளினிக்காரர் போன் செய்து பேசுவார்.

செய்தியில் மருந்து என்ற சொல் கிடையாது, எச்ஐவி கிடையாது, கிளினிக்கின் பெயரும் கிடையாது. கணவனோ மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ எடுத்துப் பார்த்தாலும் யாரோ ஒரு தோழி நலம் விசாரித்ததாகத்தான் தெரியும். நோய் வெளியே தெரிந்தால் வீட்டைவிட்டே துரத்தப்படலாம் என்ற பயத்தோடு வாழ்ந்த பெண்களுக்கு அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை ஆய்வை வடிவமைத்தவர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள்.

2010 நவம்பரில் லேன்செட் இதழில் முடிவு வந்தது. செய்தி பெற்றவர்களில் 62 சதவீதத்தினர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தனர். பெறாதவர்களில் 50 சதவீதம். இரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தவர்கள் முறையே 57 சதவீதமும் 48 சதவீதமும். வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். லட்சக்கணக்கானோர் சிகிச்சையில் இருக்கும் நாட்டில் அந்த ஒன்பது சதவீதம் ஒரு நகரத்தின் மக்கள்தொகை. செலவோ, நூறு நோயாளிகளுக்கு மாதம் சுமார் 20 டாலர்.

இந்த வெற்றியைப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பினாலே போதும் என்று நினைத்தவர்களுக்குக் கேமரூனிலிருந்து பதில் வந்தது. யாவுண்டே மத்திய மருத்துவமனையில் 200 பேரை வைத்து, வாரம் ஒருமுறை ஊக்கமூட்டும் செய்தி அனுப்பி ஆறு மாதம் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. கென்யாவின் மேற்கே சுலைம்போ சுகாதார நிலையத்தில் 431 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒரு பிரிவினருக்குத் தினமும் நினைவூட்டல், இன்னொரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை. வாரச் செய்தி பெற்றவர்களில் 53 சதவீதத்தினர் மருந்தைப் பெருமளவு தவறாமல் எடுத்தனர். செய்தியே பெறாதவர்களில் 40 சதவீதம். தினச் செய்தியால் பயன் இல்லை. ஊக்க வார்த்தைகள் சேர்த்து நீட்டி எழுதிய செய்திகளும் சுருக்கமானவற்றைவிட மேலாக இல்லை. தினமும் தட்டப்படும் கதவை யாரும் திறப்பதில்லை. வாரத்துக்கொரு முறை கேட்டு, பதில் வராதபோது தேடிவரும் குரலுக்கு மனிதர்கள் செவிசாய்த்தார்கள். தங்கள்மேல் அக்கறை கொண்ட யாரோ ஒருவர் இருப்பதாக உணர்ந்தோம் என்று வெல்டெல் நோயாளிகள் சொன்னதும் இதைத்தான்.

அதே ஆண்டுகளில் தான்ஸானியாவில் கேள்வி நோயாளியை நோக்கிப் போகவில்லை, மருந்து அலமாரியை நோக்கிப் போனது. மலேரியாக் காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் மைல்கணக்கில் நடந்து வருவாள். மருந்து தீர்ந்து வாரக்கணக்காகியிருக்கும். மாவட்டக் கிடங்கில் பெட்டிகள் இருக்கலாம், பக்கத்து ஊர் நிலையத்தில் தேவைக்கு மேல் இருக்கலாம். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. நோவார்ட்டிஸ், ஐபிஎம், வோடஃபோன் நிறுவனங்களும் அந்நாட்டு சுகாதார அமைச்சகமும் சேர்ந்து 2009 செப்டம்பரில் ‘உயிருக்கு எஸ்எம்எஸ்’ என்ற சோதனையைத் தொடங்கின. லிண்டி ஊரகம், உலாங்கா, கிகோமா ஊரகம் ஆகிய மூன்று மாவட்டங்களில் 129 சுகாதார நிலையங்கள். வாரந்தோறும் வியாழக்கிழமை ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகும்: நான்கு அளவு மலேரியா மாத்திரைப் பொட்டலங்களும் குயினைன் ஊசியும் கையிருப்பில் எத்தனை? எண்களைப் பதிலாக அனுப்பினால் போதும்; அனுப்பியவர் போனில் சிறிது பேலன்ஸ் ஏறும்.

முதல் வாரத்தில், ஏதாவது ஒரு மலேரியா மருந்தாவது இல்லாத நிலையங்கள் 78 சதவீதம். 21ஆவது வாரத்தில் 26 சதவீதம். சராசரியாக 95 சதவீதம் பேர் தவறாமல் பதில் அனுப்பினார்கள். சேற்றிலும் மழையிலும் வேலை செய்யும் கிராமச் செவிலியர்கள் அறிக்கை அனுப்பச் சோம்பல்படுகிறார்கள் என்று தலைநகரங்களில் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது. கேட்கும் முறை சரியாக இருந்தால் அவர்கள் சொன்னார்கள். ஆனால் மூன்று மாவட்டங்களின் முடிவும் ஒன்றல்ல. லிண்டியில் எட்டாவது வாரத்துக்குள் தட்டுப்பாடு அறவே நீங்கியது. மற்ற இரண்டிலும் குறைந்ததே தவிர நீங்கவில்லை. எண் வந்ததும் ஒரு நிலையத்துப் பெட்டியை இன்னொரு நிலையத்துக்கு நகர்த்த ஆளும் வண்டியும் மனமும் வேண்டும். செல்போன் அந்த வேலையைச் செய்யாது. 2011இலிருந்து இந்த முறை நாடு முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விரிந்தது.

தார் எஸ் ஸலாம் நகரின் சிசிபிஆர்டி மருத்துவமனை கைப்பேசியை இன்னொரு விதமாகக் கையாண்டது. பிரசவம் நாள்கணக்கில் நீண்டு தடைபட்டால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுகிறது. சிறுநீர் அடக்க முடியாமல் ஒழுகிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெண்களைக் கணவனும் ஊரும் ஒதுக்குகிறார்கள். அறுவை சிகிச்சை இலவசம்தான். நாட்டின் மறுகோடியிலிருந்து வரப் பஸ் காசு இல்லை. எம்-பெஸா என்ற கைப்பேசிப் பணமுறை கிராமப் பெட்டிக்கடை வரை பரவியிருந்ததால், 2009 கடைசியிலிருந்து மருத்துவமனை பயணச் செலவை எஸ்எம்எஸ் வழியே அனுப்பத் தொடங்கியது. ஊரில் அத்தகைய பெண்ணை அடையாளம் காணும் ஒருவர், தன் போனுக்கு வந்த பணத்தில் அவளுக்கு டிக்கெட் வாங்கி ஏற்றிவிடுவார். அவள் வந்து சேர்ந்ததும் அவருக்கும் ஒரு சிறு தொகை போகும். சில ஆண்டுகளில் அங்கு நடந்த அறுவை சிகிச்சைகள் இரட்டிப்புக்கும் மேலாயின.

ஸாம்பியாவில் எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் இரத்தச் சொட்டை அட்டையில் உலர்த்தி தொலைதூர ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு காகிதத்தில் திரும்பி வரச் சராசரியாக 44 நாள் ஆனது. தொற்று ஏற்பட்டுச் சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பாதி இரண்டு வயதைத் தாண்டுவதில்லை என்பதால் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும். தென் மாகாணத்தில் முடிவை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிப் பார்த்தபோது அது 27 நாளுக்குக் குறைந்தது.

இப்படி ஒவ்வொன்றும் நன்றாகத் தோன்றியதால் பணம் கொடுக்க எல்லோரும் முன்வந்தார்கள். சிக்கல் அங்கேதான் பிறந்தது. உகாண்டாவில் 2008, 2009 ஆண்டுகளில் நடந்த 36 கைப்பேசி சுகாதார முயற்சிகளில் சுமார் 23 முயற்சிகள் சோதனைக் கட்டத்தையே தாண்டவில்லை. ஒரே மாவட்டத்தில் நான்கு அமைப்புகள் நான்கு வகைக் கைப்பேசிகளோடு வரும். ஒரே சுகாதாரப் பணியாளர் ஒரே காய்ச்சல் கணக்கை நான்கு விதமாகத் தட்டச்சு செய்வார். நிதி முடிந்ததும் அமைப்பு கிளம்பிவிடும். செய்தி அனுப்பிப் பழகிய ஊரில் பதில் சொல்ல ஆள் இருக்காது. 2012 ஜனவரியில் உகாண்டா சுகாதார அமைச்சகம் எல்லா மின்னணு சுகாதாரத் திட்டங்களையும் நிறுத்தி வைக்கும்படி உத்தரவிட்டது. அரசின் திட்டத்தோடும் தகவல் அமைப்போடும் பொருந்துவதாகக் காட்டியவர்களே தொடரலாம் என்றது. வெளிநாட்டு நன்கொடையை நம்பியிருக்கும் ஒரு நாடு அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். உகாண்டா செய்தது சரி. தன் மக்களைத் தொடர்ந்து சோதனைக்களமாக வைத்திருக்க எந்த அரசும் சம்மதிக்கத் தேவையில்லை.

அரசே முன்னின்று நடத்தினால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. 2014 ஆகஸ்டில் சுகாதார அமைச்சர் ஆரன் மோட்ஸோஅலேடி மாம்கனெக்ட் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணியின் எண்ணைக் கிளினிக்கிலேயே பதிவு செய்வார்கள். எந்த மாதத்தில் என்ன சாப்பிடலாம், எந்த வலிக்கு உடனே ஓடி வர வேண்டும், தடுப்பூசி எப்போது என்று அவள் மொழியில் செய்திகள் வரும். நாட்டின் அன்றைய 11 அதிகாரபூர்வ மொழிகளும் அதில் இருந்தன. பெறுபவருக்குச் செலவில்லை, சாதாரண போனே போதும். 2017க்குள் பதிவானவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். கிளினிக்கில் செவிலியர் திட்டினார், மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றெல்லாம் பெண்கள் புகார் அனுப்பவும் வழி இருந்தது. அவற்றைப் படித்துப் பதில் எழுத அமைச்சகத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவற்றில் புகார்களைவிடப் பாராட்டுகள் அதிகம். அந்தப் பெண்களை வழக்கமாக யாரும் கேட்டதே இல்லை. கேட்டதும் நன்றி சொல்ல அவர்களுக்கு இவ்வளவு இருந்தது. 2017 கடைசியில் செய்திகள் வாட்ஸ்அப்புக்கும் போயின. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக எஸ்எம்எஸ்ஸும் தொடர்ந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, இத்தனை ஆண்டுகளாகப் பதில் சொல்லிவந்தவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் மட்டும் எச்ஐவி பணியில் இருந்த 8,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்: சமூக சுகாதாரப் பணியாளர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள், எண்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள். மருந்தை நிறுத்தியவருக்குப் போன் செய்வதும், போன் எடுக்காவிட்டால் வீட்டுக்கே போவதும் அவர்கள் வேலை. மீண்டும் அமைச்சராகியிருந்த மோட்ஸோஅலேடி சில மாதங்களில் கூடுதல் நிதியை அறிவித்தார். போன பணத்தில் ஒரு பகுதியைத்தான் அது ஈடுகட்டியது.